மூளையில் கட்டி என்று ஸ்கேன் சொன்ன பிறகு: ஸ்பெக்ட்ரோஸ்கோபியா, பெர்ஃப்யூஷனா, பெட் ஸ்கேனா, பயாப்ஸியா?

தீராத தலைவலிக்காகவோ முதன்முறையாக வந்த வலிப்புக்காகவோ எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. அறிக்கையின் கடைசிப் பத்தி பல குடும்பங்களைத் திகைக்க வைக்கிறது. வளைய வடிவில் ஒளிரும் ஒரு கட்டி தெரிகிறது, அது காசநோய்க் கட்டியாகவோ, உடலின் வேறிடத்திலிருந்து பரவிய புற்றுநோயாகவோ, மூளையிலேயே தோன்றிய கிளையோமாவாகவோ இருக்கலாம், கட்டியின் வேதிப்பொருள்களை அளக்கும் எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபி செய்து பார்ப்பது நல்லது. இந்தப் பொருளில் ஆங்கிலத்தில் நான்கு வரிகள் அங்கே இருக்கும். இராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பகுதிகளிலிருந்து வரும் வாசகர் கேள்விகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. ஒரு மருத்துவர் "ஸ்பெக்ட்ரோ எடுத்துவிட்டு வாருங்கள்" என்கிறார். மற்றொருவர் "நேராக பயாப்ஸிக்குப் போய்விடலாம்", அதாவது கட்டியிலிருந்து திசு எடுத்துச் சோதித்துவிடலாம் என்கிறார். விவரம் தெரிந்த உறவினர் ஒருவர் பெட் ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று உறுதி கூறுகிறார். மூவர் சொல்வதும் ஏதோ ஒரு சூழலுக்குப் பொருந்தும். எந்தச் சூழலுக்கு எது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

## இந்த ஒப்பீடு யாருக்குத் தேவையில்லை

நினைவு மங்குதல், ஓயாத வாந்தி, ஒரு பக்கக் கை கால்கள் விரைவாகச் செயலிழத்தல், மூளைத் திரவம் வழியடைபட்டுத் தேங்குதல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், நோயாளி செல்ல வேண்டிய இடம் நரம்பியல் அறுவை சிகிச்சை வசதியுள்ள அவசரப் பிரிவுதான். கூடுதல் ஸ்கேனுக்காக அலைவதற்கு அங்கே நேரமில்லை. பழைய சிறைச்சாலை சாலையிலுள்ள ஸ்டான்லி மருத்துவமனையும், சென்ட்ரலுக்கு எதிரே ஜி.ஹெச். என்று நாம் அழைக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் வடசென்னைவாசிக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. மூளையின் உள்ளழுத்தத்தைக் குறைப்பது அங்கே முதல் வேலை. கட்டியின் பெயரைக் கண்டறிவது அடுத்த வேலை.

இடத்தையும் தோற்றத்தையும் கொண்டே பெயர் சொல்லிவிடக்கூடிய கட்டிகளுக்கும் இந்த ஆராய்ச்சி வேண்டியதில்லை. மூளை உறையை ஒட்டி வளரும் மெனிஞ்சியோமா, பிட்யூட்டரிச் சுரப்பிக் கட்டி, செவி நரம்புக் கட்டி ஆகியவை பெரும்பாலும் சாதாரண எம்.ஆர்.ஐ. படத்திலேயே தம்மை அடையாளம் காட்டிவிடும். மெனிஞ்சியோமாவில் அலனைன் என்ற அமினோ அமிலத்தின் முகடு தெரியலாம் என்று பாடநூல்கள் கூறும். ஆனால் அந்த முகடு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அறுவை மருத்துவரின் திட்டம் மாறப்போவதில்லை.

## எந்த அளவுகோல்களால் எடை போடுவது

முதல் அளவுகோலை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன்: இந்தப் பரிசோதனையின் முடிவு எப்படி வந்தாலும் அடுத்த நடவடிக்கை ஒன்றேதானா? ஸ்பெக்ட்ரோஸ்கோபி புற்றுநோய் என்றாலும் காசநோய் என்றாலும் மருத்துவர் எப்படியும் பயாப்ஸிதான் செய்யப்போகிறார் என்றால், அந்தப் பரிசோதனைக்குச் செலவிடும் பணமும் நாளும் வீண். மாறாக, அதன் முடிவைப் பொறுத்து ஒருவருக்கு மண்டையோட்டைத் துளைப்பதா அல்லது மாத்திரை கொடுத்து இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்ப்பதா என்ற முடிவு திசை மாறுமென்றால், அதைவிட மலிவான உதவி வேறில்லை. ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "இது நல்ல பரிசோதனையா?" என்பதைவிட, "இதன் முடிவைப் பார்த்து நீங்கள் எதை மாற்றுவீர்கள்?" என்பதாக இருக்கட்டும்.

இரண்டாவதாக, கட்டியின் அளவும் இடமும். ஒரே பரிசோதனை நெற்றிமடலின் நடுவிலுள்ள மூன்று சென்டிமீட்டர் கட்டியில் தெளிவாகவும், காதெலும்பை ஒட்டிய ஒரு சென்டிமீட்டர் கட்டியில் பயனற்றதாகவும் அமையலாம். மூன்றாவதாக உடலுக்கு நேரும் ஆபத்து. நான்காவதாக, விலைப்பட்டியலில் இல்லாத செலவுகள்: கூலிவேலை செய்பவரும் உடன் வருபவரும் இழக்கும் நாட்கள், மறு ஸ்கேன், குழந்தையாக இருந்தால் மயக்க மருத்துவர், எல்லாவற்றிற்கும் மேலாகத் தவறான நம்பிக்கையால் தாமதமாகும் சிகிச்சை. ஐந்தாவது அளவுகோலைப் பலரும் கவனிப்பதில்லை: படத்தை எடுப்பது இயந்திரம், பொருள் சொல்வது மனிதர். ஸ்பெக்ட்ரோஸ்கோபியை அன்றாடம் படிக்கும் நரம்பியல் கதிரியக்க மருத்துவர் இருக்கும் இடத்திற்கும் எப்போதாவது ஒன்று எடுக்கும் மையத்திற்கும் உள்ள வேறுபாடு, காந்தவலிமையில் 1.5 டெஸ்லா இயந்திரத்திற்கும் 3 டெஸ்லா இயந்திரத்திற்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரியது என்பது என் கருத்து.

## தேர்வு ஒன்று: எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபி

எம்.ஆர்.ஐ. படம் என்பது பெரும்பாலும் உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையின் வரைபடம். ஸ்பெக்ட்ரோஸ்கோபியும் அதே இயந்திரத்தில் அதே ஹைட்ரஜனையே கேட்கிறது. ஆனால் காசிமேட்டு மீன் ஏலத்தின் இரைச்சலை அடக்கிவிட்டு ஓரத்தில் நிற்கும் ஒருவரின் முணுமுணுப்பைக் கேட்பதுபோல, நீரின் பெருஞ்சமிக்ஞையை ஒடுக்கிவிட்டு, அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்த செறிவில் இருக்கும் வேதிப்பொருள்களின் சமிக்ஞையைப் பிரித்தெடுக்கிறது. ஒவ்வொரு பொருளும் கிடைமட்டக் கோட்டில் தனக்குரிய இடத்தில் முகடாக எழும். அந்த இடம் பி.பி.எம். என்ற அலகில் குறிக்கப்படும். இதற்குக் கட்டியைப் படத்தில் ஒளிரச் செய்யும் கான்ட்ராஸ்ட் ஊசியோ எக்ஸ்-கதிரோ தேவையில்லை.

ஆரோக்கியமான பெரியவரின் மூளையில் மிக உயரமான முகடு 2.0 பி.பி.எம். இடத்தில் நிற்கும் என்.ஏ.ஏ.; அது நரம்பணுக்கள் உயிரோடு இருப்பதன் அடையாளம். 3.0 இல் ஆற்றல் பரிமாற்றத்தைச் சேர்ந்த கிரியேட்டினும், 3.2 இல் உயிரணுச் சவ்வின் ஆக்கத்தையும் சிதைவையும் காட்டும் கோலினும் அதைவிடக் குள்ளமாக நிற்கும். கிளையோமா வளரும்போது நரம்பணுக்களின் இடத்தைக் கட்டி அணுக்கள் பிடிப்பதால் என்.ஏ.ஏ. சரிகிறது, புதிய சவ்வுகள் பெருகுவதால் கோலின் எழுகிறது. ஆக்சிஜன் போதாமல் திசு தவிக்கும்போது 1.3 இல் லாக்டேட் தோன்றுகிறது. திசு அழுகும்போது ஏறத்தாழ அதே இடத்தில் கொழுப்பின் அகன்ற முகடு தோன்றுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு நுட்பம் உண்டு: எதிரொலி நேரத்தை, அதாவது தூண்டலுக்கும் சமிக்ஞையைப் பதிவதற்கும் இடைப்பட்ட நேரத்தை, 135 முதல் 144 மில்லிசெகண்ட் வரை வைத்து எடுத்தால் லாக்டேட் முகடு தலைகீழாகக் கவிழும், கொழுப்பு கவிழாது. மெதுவாக வளரும் கிளையோமாக்களில் 3.5 இல் மயோ-இனோசிட்டால் உயர்ந்திருக்கலாம். அதைக் காண 30 மில்லிசெகண்ட் போன்ற குறுகிய எதிரொலி நேரம் வேண்டும். ஆகவே நல்ல மையங்கள் இரண்டு நேரங்களிலும் எடுப்பதுண்டு.

நம் ஊருக்கு இதன் உண்மையான பயன் எங்கே என்றால், கட்டியா கிருமியா என்ற கேள்வியில். காசநோய்க் கட்டியின் நடுப்பகுதியில் பாலாடைக்கட்டி போன்று சிதைந்த திசுவும், கொழுப்பு மிகுந்த சுவர் கொண்ட காசநோய்க் கிருமியும் இருப்பதால், அங்கே எடுக்கும் வரைபடத்தில் பெரும்பாலும் 1.3 இடத்துக் கொழுப்பு முகடே ஓங்கி நிற்கும். சீழ்க்கட்டியாக இருந்தால் 0.9 இல் வேலின், லியூசின் போன்ற அமினோ அமிலங்களும், சிலவற்றில் 1.9 இல் அசிட்டேட்டும் 2.4 இல் சக்சினேட்டும் தெரியும். சீழ் செரிக்கும் நொதிகளின் வேலையால் வருபவை இந்த அமினோ அமிலங்கள், புற்றுநோய்க் கட்டியின் அழுகலில் பொதுவாக இருப்பதில்லை. பரவிய புற்றுநோயையும் கிளையோமாவையும் பிரிக்க வளையத்திற்கு வெளியே, வீங்கிய பகுதியில் அளக்க வேண்டும். கிளையோமா தன் எல்லை தாண்டி ஊடுருவுவதால் அங்கும் கோலின் உயர்ந்திருக்கும். பரவிய புற்றுநோயைச் சுற்றியிருப்பது பெரும்பாலும் வெறும் நீர்வீக்கம் என்பதால் அங்கே கோலின் உயராது. இந்த வெளிப்பகுதி அளவீட்டை எடுக்காத ஸ்பெக்ட்ரோஸ்கோபி இக்கேள்விக்குப் பாதி விடைதான்.

இனி இதன் குறைகள். முதலாவது, முகடுகள் ஒன்றோடொன்று கலந்தே வரும். கிளையோமாக்களிலேயே மிக வீரியமான, நடுவில் அழுகிய கிளையோபிளாஸ்டோமாவிலும் பரவிய புற்றுநோயிலும் கொழுப்பு முகடு உண்டு. நிணநீர் அணுக்களின் புற்றுநோயான மூளை லிம்ஃபோமாவில் அழுகல் இல்லாத திடப்பகுதியிலேயே கொழுப்பும் கோலினும் சேர்ந்து உயரும். சில காசநோய்க் கட்டிகளில் கோலினும் கூடும். நரம்புறை அழற்சி ஒன்று கட்டிபோல் பெருத்து நிற்கும்போது அதிலும் கோலின் உயர்ந்து, என்.ஏ.ஏ. குறைந்து, புற்றுநோயைப் போலவே நடிக்கும். "கோலின் உயர்ந்துள்ளது" என்ற ஒற்றை வரியைப் பார்த்து வீட்டில் ஒப்பாரி வைப்பதற்கும், "கொழுப்பு முகடு மட்டுமே" என்ற வரியைப் பார்த்து நிம்மதியாகத் தூங்குவதற்கும் இடமில்லை.

இரண்டாவது, அளக்கப்படும் கனசதுரம், அதாவது சமிக்ஞை எடுக்கப்படும் பெட்டி வடிவப் பகுதி. 1.5 டெஸ்லா இயந்திரத்தில் ஒற்றைக் கனசதுர முறைக்குப் பக்கத்திற்கு இரண்டு சென்டிமீட்டர், அதாவது எட்டு கன சென்டிமீட்டர் வழக்கமானது. கட்டி அதைவிடச் சிறியதானால், பக்கத்திலுள்ள நல்ல மூளையும் உள்ளே நுழைந்து கணக்கைக் கலைத்துவிடும். பல கனசதுர முறை ஒரே தடவையில் விரிந்த பரப்பை அளக்கும். ஆனால் கூடுதல் நேரம் பிடிக்கும், தரமும் சற்றுக் குறையும். மண்டையோட்டின் அடித்தளம், காற்றறைகள், காதெலும்பு, இரத்தக்கசிவு, சுண்ணாம்புப் படிவு, பழைய அறுவையில் வைத்த உலோகக் கிளிப் ஆகியவற்றின் அருகே காந்தப்புலம் சீராக இராது. முகடுகள் அகன்று ஒன்றோடொன்று கலந்துவிடும். உச்சந்தலை எலும்புக்கு மிக அருகில் கனசதுரத்தை வைத்தால் தலைத்தோலின் கொழுப்பே காசநோய்க் கொழுப்பாக வேடமிடும். அளவீடு நடக்கும் சில நிமிடங்களில் தலை அசைந்தாலும் இதே கதிதான்.

மூன்றாவது, இது கட்டியின் முழுப் பெயரைச் சொல்லாது. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு வகைப்பாட்டின்படி, பெரியவர்களுக்கு வரும் கிளையோமாவின் பெயரே ஐ.டி.ஹெச். மரபணுத் திரிபு, 1பி-19க்யூ குரோமோசோம் இழப்பு போன்ற மூலக்கூறுச் சோதனைகளைச் சார்ந்திருக்கிறது. ஐ.டி.ஹெச். திரிபுள்ள கட்டிகளில் சேரும் 2-ஹைட்ராக்சி குளுட்டரேட் என்ற பொருளை 2.25 இடத்தில் ஸ்பெக்ட்ரோஸ்கோபியால் காண முடியும் என்பது 2012 வாக்கில் ஆய்வுகளில் நிறுவப்பட்டது. எனினும் அதற்கெனத் தனியாக அமைத்த அளவீடு வேண்டும், சாதாரண ஸ்பெக்ட்ரோ அறிக்கையில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

மறைமுகச் செலவைக் குறைக்க ஒரே வழி, முதல் எம்.ஆர்.ஐ. எடுக்கும் அமர்விலேயே, கான்ட்ராஸ்ட் ஊசிக்கு முன் இதையும் சேர்த்து எடுத்துவிடுவது. தனியே இன்னொரு நாள் அழைக்கப்பட்டால், படுக்கைக்கட்டணம், வழிச்செலவு, கூலி இழப்பு ஆகியவை சேர்ந்து, பில்லில் உள்ள கூடுதல் தொகையைத் தாண்டிவிடும்.

## தேர்வு இரண்டு: பெர்ஃப்யூஷன் எம்.ஆர்.ஐ.

கட்டிக்குள் எவ்வளவு இரத்தம் ஓடுகிறது என்பதை இது அளக்கிறது. வழக்கமான முறையில், கைநரம்பில் சற்றுத் தடித்த ஊசி போட்டு, விநாடிக்கு நான்கைந்து மில்லிலிட்டர் வேகத்தில் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி, அது மூளையைக் கடக்கும் முதல் சுற்றை நொடிக்கு நொடி படமெடுப்பார்கள். வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். வீரியமிக்க கிளையோமா புதுப்புது இரத்தக்குழாய்களை முளைக்க வைப்பதால் அதன் இரத்தக் கொள்ளளவு கூடும். ஆரோக்கியமான எதிர்ப்புறத்தோடு ஒப்பிட்ட விகிதம் 1.75 ஐத் தாண்டினால் வீரியமிக்கது என்ற வரம்பு 2003 இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து பரவலானது. ஆனால் அதே வரம்பு, வீரியமிக்கவற்றைத் தவறவிடாமல் பிடித்தாலும், மெதுவாக வளர்பவற்றில் கணிசமானவற்றையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறது. குறிப்பாக ஒலிகோடெண்ட்ரோகிளையோமா என்ற கிளையோமா வகை குறைந்த வீரியத்திலேயே நிறைய நுண்குழாய்களைக் கொண்டது.

ஸ்பெக்ட்ரோஸ்கோபி தடுமாறும் இடங்களில் இது துணை நிற்கிறது. லிம்ஃபோமா, கான்ட்ராஸ்ட் ஊசிக்குப் பிறகு பளிச்சென்று ஒளிர்ந்தாலும் இரத்தக் கொள்ளளவில் கிளையோபிளாஸ்டோமா அளவுக்கு உயர்வதில்லை. இந்த முரண்பாடே அதன் அடையாளம். கதிர்வீச்சு முடிந்தவருக்கு மறு ஸ்கேனில் மீண்டும் ஒளிர்வு தெரிந்தால், கட்டி திரும்பிவிட்டதா, கதிர்வீச்சினால் திசு கருகியதா என்ற கேள்விக்கும் நான் ஸ்பெக்ட்ரோஸ்கோபியைவிட இதையே முதலில் கேட்பேன். கருகிய திசுவில் இரத்த ஓட்டம் குறைந்திருக்கும்; திரும்பி வந்த கட்டியில் கூடியிருக்கும்; இரண்டும் கலந்திருப்பதும் உண்டு.

இதன் மறைமுகச் செலவு சிறுநீரகம். கான்ட்ராஸ்டாகச் செலுத்தும் கடோலினியம் மருந்துக்கு முன் இரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்திருக்க வேண்டும். சிறுநீரகம் பெரிதும் செயலிழந்தவர்களுக்கு மருந்தில்லாமல் இரத்தத்தையே காந்தமுறையில் அடையாளமிட்டு அளக்கும் ஏ.எஸ்.எல். என்ற முறை உண்டு. இரத்தக்கசிவுள்ள கட்டியில் இந்த அளவீடும் பிசகும்.

## தேர்வு மூன்று: பெட் ஸ்கேன்

உறவினர்கள் அதிகம் பரிந்துரைப்பதும், மூளைக்குள் என்ன கட்டி என்ற கேள்விக்கு மிகக் குறைவாக விடை சொல்வதும் இதுதான். வழக்கமான பெட் ஸ்கேனில் கதிரியக்கமூட்டிய குளுக்கோஸ் பயன்படுகிறது. மூளையோ இயல்பாகவே குளுக்கோஸை ஏராளமாக உண்ணும் உறுப்பு. எரியும் விளக்குகளுக்கு நடுவே இன்னொரு விளக்கு கண்ணில் படுவதில்லை. காசநோயும் குளுக்கோஸை ஈர்ப்பதால், காசநோயா புற்றுநோயா என்ற நம் ஊர்க் கேள்விக்கு அது தெளிவு தராது. குளுக்கோஸுக்குப் பதில் அமினோ அமிலத்தைப் பயன்படுத்தும் பெட் ஸ்கேன் மூளைக்கட்டிக்கு மிகவும் ஏற்றது. ஆனால் அவற்றுள் மெத்தியோனின் வகையில் உள்ள கார்பன்-11 இன் அரைவாழ்வு 20 நிமிடமே என்பதால், அதை உருவாக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் அதே வளாகத்தில் இருக்க வேண்டும். ஃபுளோரின்-18 இன் அரைவாழ்வு 110 நிமிடம் என்பதால் அந்த வகையை வெளியிலிருந்து வரவழைக்க முடியும்.

பெட் ஸ்கேன் உண்மையிலேயே சிறந்து விளங்குவது, மூளையில் பல கட்டிகள் தெரிந்து, மூலப் புற்றுநோய் நுரையீரலிலா சிறுநீரகத்திலா மார்பகத்திலா என்று தேட வேண்டியிருக்கும்போது. அங்கும், முதலில் மார்புக்கும் வயிற்றுக்கும் சி.டி. ஸ்கேன் எடுத்தால் பலருக்கு விடை கிடைத்துவிடும், சி.டி. எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கிடைப்பது. நுரையீரலிலோ கழுத்து நிணநீர்க் கணுவிலோ ஒரு கட்டி கண்டுபிடிக்கப்பட்டால் பயாப்ஸியை அங்கேயே எடுத்துவிடலாம். தலையைத் தொட வேண்டியிராது. சர்க்கரை நோயாளிகளுக்கு இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் அன்றைய ஸ்கேன் தள்ளிப்போகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

## தேர்வு நான்கு: பயாப்ஸி அல்லது நேரடி அறுவை

மற்ற எல்லாத் தேர்வுகளும் ஊகத்தின் வலுவைக் கூட்டுகின்றன; விடையைத் தருவது திசு. கட்டி பெரியதாகவும் பாதுகாப்பாக அகற்றக்கூடிய இடத்திலும் இருந்தால், தனியாக பயாப்ஸி எடுப்பதைவிட அறுவை செய்து அகற்றிய கட்டியையே பரிசோதனைக்கு அனுப்புவது நல்லது. சிகிச்சையும் பரிசோதனையும் ஒன்றாகவே முடிந்துவிடும். கட்டி ஆழத்திலோ, பேச்சும் இயக்கமும் அமைந்த இடத்திலோ, பல இடங்களிலோ இருந்தால், ஸ்டீரியோடாக்டிக் பயாப்ஸி என்ற முறையில் தலையில் சட்டகம் பொருத்தி அல்லது கணினி வழிகாட்டலுடன், சிறு துளை வழியாக மெல்லிய ஊசியால் திசுவை எடுப்பார்கள். இந்த ஸ்டீரியோடாக்டிக் முறைக்கும் சென்னைக்கும் நெடுநாள் உறவு உண்டு. 1950 இல் இங்கே நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய பி. ராமமூர்த்தியும், அவருடன் பணியாற்றிய வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், ஆசியாவின் தொடக்ககாலப் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களுள் ஒருவரான டி.எஸ். கனகா ஆகியோரும் இந்தியாவில் இம்முறை வேரூன்றக் காரணமானவர்கள்.

பயாப்ஸியின் ஆபத்தை மறைக்கவும் கூடாது, பெரிதாக்கவும் கூடாது. கருவியின் வழியில் இரத்தம் கசிந்து கை கால் பலவீனமோ பேச்சுத் தடையோ வருவது நூற்றில் சிலருக்கு நேரலாம். உயிரிழப்பு பெரும்பாலான ஆய்வறிக்கைகளில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலோ அதற்குக் கீழோ இருக்கிறது. இரத்தம் உறையாமைக்கான மருந்து உண்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

இதில் இரண்டு மறைமுகச் செலவுகள் உண்டு. ஒன்று, ஊசி தவறான மூலையைத் தொட்டால் கிடைப்பது தவறான விடை. ஒரே கிளையோமாவில் ஒரு பகுதி மெதுவாகவும் மற்றொரு பகுதி வீரியத்துடனும் வளர்வது வழக்கம். நடுவிலுள்ள அழுகலை எடுத்தால் அழுகல் என்றே அறிக்கை வரும். இங்கேதான் ஸ்பெக்ட்ரோஸ்கோபியும் பெர்ஃப்யூஷனும் பயாப்ஸிக்குப் போட்டியாக நிற்காமல் வழிகாட்டியாக மாறுகின்றன. கோலினும் இரத்த ஓட்டமும் மிக அதிகமுள்ள புள்ளியைக் குறித்துக் கொடுத்தால் அறுவை மருத்துவர் அங்கேயே ஊசியைச் செலுத்துவார். கான்ட்ராஸ்ட் மருந்துக்கு ஒளிராத கிளையோமாக்களில் இந்த உதவி மிகப் பெரியது.

மற்றொன்று டெக்ஸாமெத்தசோன். மூளை வீக்கத்தைக் குறைக்க இந்த ஸ்டீராய்டு மருந்தைப் பல மருத்துவமனைகளில் முதல் நாளே தொடங்கிவிடுவார்கள். பெரும்பாலான கட்டிகளில் அது சரியானதே. லிம்ஃபோமாவாக இருந்தாலோ, அந்த அணுக்கள் ஸ்டீராய்டில் கரைந்து, பயாப்ஸியில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். நோயாளியின் நிலை அனுமதிக்குமென்றால், லிம்ஃபோமா ஐயம் உள்ளவருக்கு பயாப்ஸி முடியும் வரை ஸ்டீராய்டைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். இந்த ஐயத்தை நேரத்தோடு எழுப்புவதில் ஸ்பெக்ட்ரோஸ்கோபிக்கும் பெர்ஃப்யூஷனுக்கும் பங்குண்டு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. அறுவையும் கதிர்வீச்சும் அடுத்தடுத்து வரக்கூடிய நோய் இது என்பதால், அந்தத் தொகையைத் தொடக்கத்திலேயே கூடுதல் ஸ்கேன்களில் கரைக்காமல் பார்த்துக்கொள்வது விவேகம்.

## தேர்வு ஐந்து: மருந்து கொடுத்து, மறு ஸ்கேனுக்குக் காத்திருத்தல்

சோம்பேறித்தனம் போலத் தோன்றும் இத்தேர்வு, நம் நாட்டில் பல நேரம் சரியான தேர்வு. வலிப்போடு வந்த இளைஞரின் மூளையில் ஒற்றைச் சிறு ஒளிரும் புள்ளி தெரிந்தால், அது பெரும்பாலும் நாடாப்புழுவின் இளம்பருவமோ காசநோயோதான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் ராஜசேகரும் சாண்டியும் வகுத்த அடையாளங்கள் இன்றும் பயன்படுகின்றன. கட்டி 20 மில்லிமீட்டருக்குக் குறைவாக, மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாமல், நரம்புக் குறைபாடு வளர்ந்துகொண்டே போகாமல் இருந்தால் நாடாப்புழுக் கட்டிக்கே வாய்ப்பு அதிகம். 20 மில்லிமீட்டருக்கு மேல், ஒழுங்கற்ற ஓரத்தோடு, நடுக்கோட்டைத் தள்ளிக்கொண்டிருந்தால் காசநோய்க் கட்டியை நினைக்க வேண்டும். முன்னதில் வலிப்பு மருந்தோடு சில வாரம் முதல் சில மாதம் வரை காத்திருந்து மறு ஸ்கேன் எடுத்தால், கட்டி சுருங்கியோ சுண்ணாம்புப் புள்ளியாக மாறியோ இருப்பதைப் பலரிடம் காணலாம். இவ்வளவு சிறிய புள்ளியில் ஸ்பெக்ட்ரோஸ்கோபியின் கனசதுரமும் சரியாக உட்காராது. ஆகவே இங்கே அது இரட்டிப்பாகத் தேவையற்றது.

காசநோய் என்று கருதி மருந்து தொடங்குவது இன்னும் கவனமாக எடுக்க வேண்டிய முடிவு. மார்பு எக்ஸ்-ரே அல்லது சி.டி., சளியிலோ நிணநீர்க் கணுவிலோ காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனை, எச்.ஐ.வி. சோதனை ஆகியவை முதலில் நடக்க வேண்டும். உடலில் வேறெங்காவது காசநோய் உறுதியானால் மூளையைத் துளைக்காமலே சிகிச்சையைத் தொடங்கலாம். மருந்துகள் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் இலவசம். மூளைக்கு அந்த மருந்து குறைந்தது ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை, சிலருக்கு அதற்கு மேலும் தேவைப்படும். மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே கட்டி தற்காலிகமாகப் பெருப்பதும் உண்டு என்பதால், ஒரு மறு ஸ்கேனை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது.

இதன் மறைமுகச் செலவுதான் ஐந்து தேர்வுகளிலும் பெரியது. கட்டி உண்மையில் கிளையோபிளாஸ்டோமாவாக இருந்தால், காத்திருந்த இரண்டு மாதத்தில் அது அறுவைக்கு எட்டாத அளவுக்கு வளர்ந்துவிடலாம். ஸ்பெக்ட்ரோஸ்கோபி இந்த இடத்தில் மிக மதிப்புடையதாகிறது: கொழுப்பு முகடு மட்டும் ஓங்கி, வளையத்திற்கு வெளியே கோலின் இயல்பாக இருக்கும் இளைஞருக்குக் காத்திருக்கும் துணிவை அது தருகிறது, வெளியேயும் கோலின் உயர்ந்திருக்கும் அறுபது வயதுக்காரருக்குக் காத்திருப்பைத் தடுக்கிறது.

## ஒரே பார்வையில்

| தேர்வு | எதில் வலுவானது | எங்கே ஏமாற்றும் | உடலுக்கு ஆபத்து | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஸ்பெக்ட்ரோஸ்கோபி | கட்டியா கிருமியா. பயாப்ஸி எடுக்கும் புள்ளி | சிறிய கட்டி, எலும்பருகே, நரம்புறை அழற்சி | இல்லை எனலாம் | தனி நாள் அலைச்சல், தெளிவற்ற முடிவு |
| பெர்ஃப்யூஷன் | வீரியம். கதிர்வீச்சுக்குப் பிந்தைய கேள்வி | ஒலிகோடெண்ட்ரோகிளையோமா, இரத்தக்கசிவு | கான்ட்ராஸ்ட் மருந்து சார்ந்தது | சிறுநீரகச் சோதனை |
| பெட் ஸ்கேன் | மூலப் புற்றுநோயைத் தேடுதல் | காசநோய். மூளையின் இயல்பான குளுக்கோஸ் ஒளிர்வு | கதிரியக்கம், குறைந்த அளவில் | அதிக விலை, சர்க்கரைக் கட்டுப்பாடு |
| பயாப்ஸி, அறுவை | உறுதியான பெயர், மரபணு விவரம் | தவறான பகுதியிலிருந்து எடுத்தால் | கசிவு, நரம்புக் குறைபாடு | முன்பே கொடுத்த ஸ்டீராய்டு |
| காத்திருத்தல் | சிறிய, தனித்த புள்ளி. இளம் வயது | வீரியமிக்க கட்டி | இழக்கும் காலம் | தொடர் ஸ்கேன்கள் |

## யாருக்கு எதை நான் முதலில் வைப்பேன்

வலிப்பு தவிர வேறு குறையில்லாத இளைஞரிடம் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த ஒற்றைப் புள்ளி என்றால் காத்திருத்தல். மற்றவை எதுவும் வேண்டாம். மூன்று சென்டிமீட்டர் அளவில் வளையமாக ஒளிரும் கட்டி, காய்ச்சலும் எடைக்குறைவும் உண்டு, மார்பு ஸ்கேனில் தெளிவில்லை என்றால் ஸ்பெக்ட்ரோஸ்கோபியும் பெர்ஃப்யூஷனும் ஒரே அமர்வில். அவற்றிலும் ஐயம் நீங்காவிட்டால் தாமதமின்றி பயாப்ஸி. ஐம்பது வயதைக் கடந்தவரிடம், விரைவாக வளரும், அகற்றக்கூடிய இடத்திலுள்ள ஒற்றைக் கட்டி என்றால், மார்பு வயிறு சி.டி. முடித்து நேராக அறுவை. ஸ்பெக்ட்ரோஸ்கோபிக்காக ஒரு நாளைக்கூடத் தள்ளிப்போட மாட்டேன். ஒளிராத, பரந்து கிடக்கும் கட்டி என்றால் பயாப்ஸிக்கு இடம் குறித்துத் தரவே பல கனசதுர ஸ்பெக்ட்ரோஸ்கோபி. பல கட்டிகள் என்றால் உடல் முழுவதையும் தேடுவது முதலில்.

குழந்தைகளை இந்த வரிசையில் அடைத்துவிட முடியாது. சிறுமூளையில் கட்டியுள்ள குழந்தைக்கு எப்படியும் அறுவை வேண்டியிருக்கும். மயக்க மருந்தோடு எடுக்கும் முதல் எம்.ஆர்.ஐ. அமர்விலேயே ஸ்பெக்ட்ரோஸ்கோபியும் முடிந்தால் குழந்தைகளின் சிறுமூளைப் புற்றுநோயான மெடுல்லோபிளாஸ்டோமாவின் டாரைன் முகடு போன்ற குறிப்புகள் அறுவை மருத்துவரின் தயாரிப்புக்கு உதவும். அதற்கென்றே மீண்டும் ஒருமுறை மயக்கம் கொடுப்பதற்கு நான் உடன்பட மாட்டேன்.

## ஸ்கேனுக்குப் போகுமுன்

மணலியிலும் எண்ணூரிலும் துறைமுகத்திலும் வெல்டிங், கிரைண்டிங், லேத் வேலை பார்த்தவர்கள், கண்ணில் எப்போதாவது இரும்புத் துணுக்கு பட்டிருந்தால் அதை மையத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும். காந்தப்புலத்தில் அது நகர்ந்து பார்வையைக் கெடுக்கலாம் என்பதால் முதலில் கண்குழிக்கு எக்ஸ்-ரே எடுப்பார்கள். தாயத்து, அரைஞாண், மெட்டி, கொண்டை ஊசி ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றிவிடலாம். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் நாள் குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

அறிக்கைத் தாளோடு படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டு வாங்க வேண்டும். கனசதுரம் எந்த இடத்தில் வைக்கப்பட்டது என்ற படம், எதிரொலி நேரம், எதிர்ப்புற ஆரோக்கியப் பகுதியின் வரைபடம் ஆகிய மூன்றும் அதில் இருந்தால்தான் வேறொரு மருத்துவர் அந்த ஸ்பெக்ட்ரோஸ்கோபியை மறுபரிசீலனை செய்ய முடியும். பயாப்ஸி நடந்தால் திசு அறிக்கையோடு, திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையையும் கண்ணாடித் தகடுகளையும் எப்படிப் பெறுவது என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், ஐ.டி.ஹெச்., எம்.ஜி.எம்.டி. போன்ற மரபணுச் சோதனைகளை வேறொரு ஆய்வகத்தில் செய்ய நேர்ந்தால், இரண்டாவது முறை தலையைத் தொடாமல் அந்தக் கட்டையிலிருந்தே செய்துவிடுவார்கள்.